சரிவில் நிற்கும் வீடு: பார்வையும் மறைவும்

சமதளத்தில் வீடு கட்டுபவனுக்கு அண்டை வீட்டார் வலத்திலும் இடத்திலும் இருப்பர். செங்குத்தான மலைச்சரிவில் கட்டுபவனுக்கோ அவர்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இருப்பர். அவனுடைய முற்றம் மேல்வீட்டுச் சாளரத்துக்குத் திறந்து கிடக்கும். கீழ்வீட்டு முற்றம் அவனுடைய சாளரத்துக்குத் திறந்து கிடக்கும். அவன் தன் கூரையைச் சற்றே உயர்த்தினாலும் மேல்வீட்டாரின் பள்ளத்தாக்குக் காட்சி மறைந்துபோகும். உஸ்மானியர் ஆட்சியில் செழித்த மலைநகரங்களான அனதோலியாவின் ஸஃப்ரான்போலு, அல்பேனியாவின் ஜிரோகாஸ்தர், போஸ்னியாவின் ஸராயேவோ ஆகியவை இச்சிக்கலோடு பல தலைமுறைகள் வாழ்ந்தவை.

இந்நகரங்களைப் பற்றிய பயண நூல்களில் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. ஒரு வீடு மற்றொரு வீட்டின் காட்சியை மறைக்கலாகாது என்று இஸ்லாமியச் சட்டம் விதித்திருந்ததாம். அதனாலேயே வீடுகள் சரிவில் படிப்படியாக ஒன்றுக்குமேல் ஒன்று எட்டிப் பார்க்கின்றனவாம். கேட்பதற்கு இனிய கூற்றுதான். ஆயினும் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுவோர் அங்கு வேறொன்றைக் காண்பர். சட்டம் காவல் காத்தது காட்சியை அன்று, மறைவைத்தான். காட்சி எவ்வாறு காக்கப்பட்டது என்பது வேறு கதை. அக்கதையைச் சொல்ல வேண்டுமானால் சட்டத்திலிருந்தும் கொத்தனாரிடமிருந்தும் ஒருசேரத் தொடங்க வேண்டும்.

எகிப்தை முஸ்லிம்கள் வென்ற சில ஆண்டுகளில் ஃபுஸ்தாத் நகரில் நடந்த நிகழ்ச்சியொன்றை வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் பதிவு செய்துள்ளார். காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) என்பார் தம் வீட்டின்மேல் ஓர் அறை எழுப்பினார். அந்நகரில் எழுந்த முதல் மாடியறை அதுதான் என்பர். அங்கிருந்து அண்டை வீடுகளைப் பார்க்க முடியும் என்ற முறையீடு மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா உமர் (ரலி) ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார்கள். அவ்வறையில் ஒரு கட்டிலைப் போட்டு, மிக நெடியவரும் மிகக் குறியவரும் அல்லாத ஒருவரை அதன்மீது நிறுத்திப் பார்க்க வேண்டும். அவரால் சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்க முடிந்தால் அறையை இடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். சோதனை நடந்தது, பார்வை எட்டவில்லை, அறை தப்பியது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பு அதன் அளவுகோலில் இருக்கிறது. மாடி கட்டுவதே குற்றம் என்று உமர் (ரலி) கூறவில்லை. சாளரம் வைப்பதையும் தடுக்கவில்லை. ஒரு சராசரி மனிதனின் கண் எங்கே நிற்கிறது, அங்கிருந்து என்ன தெரிகிறது என்பதை அளக்கச் சொன்னார்கள். பிற்காலச் சட்ட அறிஞர்கள் இவ்வளவுகோலைக் கைவிடவே இல்லை. மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் ஸஹ்னூன், பள்ளிவாசலின் உயரத்தில் ஏறிப் பாங்கு சொல்பவர் அண்டை வீடுகளின் உட்புறத்தைக் காண நேர்ந்தால் அவர் அங்கே ஏறுவதைத் தடுக்க வேண்டும் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி, கட்டடங்கள் பற்றிய தீர்ப்புகளை ஒரு தனி நூலாகவே தொகுத்தார். அவர் கொத்தனார்; காழிகளுக்குக் கட்டட வழக்குகளில் நேரில் சென்று பார்த்துக் கருத்துரைக்கும் வல்லுநராகவும் விளங்கினார். கையில் சாந்து படிந்த ஒருவர் ஃபிக்ஹு நூல் எழுதியது நம் மரபில் அரிதான நிகழ்ச்சி. அது இன்னும் பரவலாக அறியப்படாதிருப்பது வியப்புக்குரியது.

உமர் (ரலி) அவர்களின் அளவுகோல் ஃபுஸ்தாத் போன்ற சமவெளி நகரத்தில் எளிதாகச் செல்லுபடியாகும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு மதிற்சுவர் பெரும்பாலும் போதுமானது. சரிவில் அது போதாது. மேல்வீட்டார் கட்டில் போட வேண்டியதில்லை. அவர்கள் நிற்கும் நிலமே கட்டிலாகிவிடுகிறது. அங்கு வீட்டை வகுப்பவன் பார்வைக் கோட்டைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அதை எவ்வாறு எடுத்தார்கள் என்பதை அறிய ஸஃப்ரான்போலுவே தகுந்த இடம். துருக்கியின் வடபகுதியில், கருங்கடற் கரைக்குச் செல்லும் பழைய வணிகப் பாதையில் அது அமைந்துள்ளது. குங்குமப்பூ விளைவால் பெயர் பெற்ற ஊர். பதினேழாம் நூற்றாண்டில் அது செல்வத்தின் உச்சத்தில் இருந்தது. அக்காலத்தில் அங்கே எழுந்த பெரிய சத்திரம், சுல்தான் இப்ராஹீமின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த அவ்வூர்க்காரர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. அவரை மக்கள் ஜின்ஜி ஹோஜா என்றனர். ஜின் ஓட்டுபவர் என்பது பொருள். ஓதிப் பார்ப்பவரின் வருமானம் கற்சத்திரமாக நின்றுவிட்ட விந்தையை அங்கே காணலாம்! கடைவீதிப் பகுதி இரு சிற்றாறுகள் கூடும் பள்ளத்தில் இருக்கிறது. வீடுகள் அதைச் சூழ்ந்த சரிவுகளில் ஏறுகின்றன. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு வீட்டிலும், கோடையில் மேட்டிலுள்ள திராட்சைத் தோட்ட வீட்டிலும் வசிப்பது அவ்வூர்க் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது.

இவ்வீடுகளைக் கட்டியவர்கள் சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. நிலத்தளத்தின் பின்சுவர் மலையை ஒட்டி மண்ணுக்குள் பதிந்திருக்கும். அதுவே மண்ணைத் தாங்கும் அணைசுவராகவும் பயன்படும். முன்சுவர் தெருவின் வளைவை அப்படியே பின்தொடரும். தெரு கோணலானால் சுவரும் கோணல். கனத்த கற்சுவருக்குள் இடையிடையே கிடைமட்டமாக மர உத்தரங்களைப் புதைத்தனர். சுவர் பிளக்காதிருக்க அவை உதவின. இத்தளத்தில் லாயம், விறகு, தானியக் கிடங்கு ஆகியவை இருந்தன. தெருவை நோக்கிப் பெரும்பாலும் சாளரமே இராது. இருப்பின் தலைக்கு மேலே ஒரு சிறு துளை.

நிலத்தளத்தின் மேல் கட்டுமானமே மாறிவிடுகிறது. கல் முடிந்து மரச்சட்டம் தொடங்குகிறது. சட்டங்களின் இடைவெளியைப் பச்சைச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அடைத்து மேலே பூசினர். ஹிமிஷ் என்பது இம்முறையின் பெயர். இது கனம் குறைந்தது. நிலம் நடுங்கினால் நொறுங்காமல் அசைந்து கொடுப்பது. 1999 ஆகஸ்டில் வடமேற்குத் துருக்கியைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப்பின் ஆராய்ந்த பொறியாளர்கள், பல கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்து விழுந்த பகுதிகளில் இத்தகைய பழைய வீடுகள் பல நின்றதைக் கண்டு எழுதினர். பழமை என்று ஒதுக்கப்பட்டது பாதுகாப்பாக அமைந்த செய்தி அது.

மரத்தின் கனக்குறைவு மற்றொரு வசதியையும் தந்தது. கீழ்ச்சுவர் கோணலாக இருந்தாலும் மேல்தளத்தை அதன் விளிம்புக்கு அப்பால் நீட்டி, சாய்ந்த தாங்குகட்டைகளின்மேல் நிறுத்த முடிந்தது. எந்த அளவுக்கு நீட்டினர்? அறை சரியான நாற்கோணமாகும் அளவுக்கு. அதனால் தெருவில் நின்று மேலே நோக்கினால் முன்துருத்திய பகுதிகள் முக்கோணமாகத் தோன்றும். ஒருபுறம் குறைவாகவும் மறுபுறம் அதிகமாகவும் நீண்டிருக்கும். அவற்றை அழகுக்காகச் செய்தவை என்று எண்ணுவோர் உண்டு. நிலம் கோணலாய்க் கொடுத்ததை மேலே நேராக்கிக்கொண்ட கணக்கு அது. நிலத்தோடு சண்டையிடாமல் அதற்குரியதைக் கீழே விட்டுக்கொடுத்து, மனிதருக்குரியதை மேலே எடுத்துக்கொண்டனர் எனலாம்.

மூன்று தளங்களில் நடுத்தளம் தாழ்ந்த கூரை கொண்டது. குளிருக்கு அடக்கமாக அங்கே அடுப்பும் அன்றாடப் புழக்கமும். மேல்தளமே வீட்டின் பெருமை. அங்கே நடுவிலுள்ள பொதுக்கூடத்தைச் சூழ்ந்து அறைகள் திறக்கின்றன. அக்கூடத்தைத் துருக்கியர் ஸோஃபா என்பர். மஸ்ஜிதுந் நபவியில் வறிய தோழர்கள் தங்கியிருந்த திண்ணைக்குப் பெயரான ஸுஃப்பாவும் இதுவும் ஒரே சொல். மெத்தை வைத்த இருக்கைக்கு ஆங்கிலேயர் வழங்கும் சோஃபாவும் அதுவே. திண்ணை இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. திறந்த தாழ்வாரத்துக்கும் முன்கட்டுக்கும் அவர்கள் வழங்கும் பெயர் ஹயாத். நம் வாசகர் இதைக் கண்டதும் உயிர்வாழ்வைக் குறிக்கும் ஹயாத்தை நினைப்பர். சில எழுத்தாளர்கள் அதைக்கொண்டு அழகிய விளக்கங்களும் எழுதியுள்ளனர். ஆனால் ஃபார்ஸியில் முற்றத்தைக் குறிக்கும் இச்சொல் ‘தோ’ எழுத்தால் முடிவது. சுவர் என்னும் பொருளுள்ள ஹாயித்தோடு உறவுடையது. ஒலி ஒன்று; வேர் வேறு.

ஒவ்வோர் அறையும் ஒரு சிறு வீடு. சுவரலமாரியில் படுக்கைகள் அடங்கும்; அதன் ஓரத்தில் ஓர் ஆள் நின்று நீராடும் அளவுக்குக் குஸ்ல்கானா. கணவன், மனைவி, பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம் பெரிய குடும்பத்துக்குள் தனக்கென ஓர் அறையோடு வாழ முடிந்தது. திருமணமான மகனுக்குத் தனிவீடு தேவைப்படவில்லை. ஆண் விருந்தினர் பகுதியும் பெண்கள் பகுதியும் பிரிந்த வீடுகளில் இரண்டுக்கும் நடுவே சுழலும் அலமாரி ஒன்றைச் சுவரில் பொருத்தினர். உணவுத் தட்டை ஒருபுறம் வைத்துச் சுழற்றினால் மறுபுறம் வந்துவிடும். பரிமாறியவரின் கைகூடத் தெரியாது.

இனி, சாளரம். சுவரோரம் நெடுகத் தாழ்வான இருக்கை மேடை ஓடும். அதற்குச் சற்று மேலேயே சாளரத்தின் அடிவிளிம்பு. ஆகவே இவ்வறைகள் நிற்பவருக்காக அமைந்தவை அல்ல, அமர்ந்திருப்பவருக்காக அமைந்தவை. அமர்ந்தவரின் கண் சாளரத்தின் வழியே எதிர்ச்சரிவையும் வானத்தையும் காணும். நேர்கீழே உள்ள கீழ்வீட்டின் முற்றம் பெரும்பாலும் பார்வைக்குள் வராது. அதன் அகன்ற இறவானமும் உயர்ந்த மதிலும் ஒருபுறம் மறைக்க, சாளரத்தின் மரக்கிராதி மறுபுறம் மறைக்கும். கட்டிலின்மேல் நிறுத்தப்பட்ட ஃபுஸ்தாத் மனிதரை இங்கே அமர வைத்துவிட்டார்கள்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். சரிவில் மேல்வீட்டு நீர் கீழ்வீட்டுச் சுவரைத் தேடி வரும். வழக்குகளுக்கு அது வற்றாத ஊற்று. ஜிரோகாஸ்தரின் கல்வீடுகள் இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. கூரையில் விழும் மழையை நிலத்தளத்திலுள்ள கற்றொட்டிக்குள் இறக்கிச் சேமித்தனர். தொட்டி நிறைந்தால் வீட்டுக்கு ஓராண்டு நிம்மதி; சரிவில் வீணே ஓடி அண்டை வீட்டை அரிக்கும் நீரும் குறையும். அந்நகரில் 1936இல் பிறந்த எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே, தம் இளமைக்கால ஊரைப் பற்றி எழுதிய நாவலை வீட்டுக்கடியிலுள்ள மழைநீர்த் தொட்டியோடு தொடங்கியதில் வியப்பில்லை.

காட்சியுரிமை என்ற கருத்தை உலகறியச் செய்தவர்கள் ஸராயேவோவை ஆராய்ந்த இரு கட்டடக்கலைஞர்கள்: துஷான் கிராப்ரியான், யுராய் நைட்ஹார்ட். இருவரும் முஸ்லிம்கள் அல்லர். நைட்ஹார்ட் பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றியவர். போஸ்னியக் கட்டடக்கலை பற்றிய இவர்களது பெருநூல், கிராப்ரியான் மறைந்தபின் 1957இல் லெ கொர்பூசியேயின் முன்னுரையோடு வெளிவந்தது. பள்ளத்தாக்கில் கடைவீதி, சரிவுகளில் மஹல்லாக்கள் என்று அந்நகரம் பிரிந்திருப்பதை அவர்கள் நுட்பமாக விளக்கினர். நாம் ஜமாஅத் நடைமுறையில் வழங்கும் அதே மஹல்லாதான். ஒவ்வொன்றிலும் சிறிய பள்ளிவாசல், மக்தப், நீரூற்று, ரொட்டிச்சூளை, அவற்றைச் சூழ்ந்து சில பத்து வீடுகள். அண்டை வீட்டாரின் காட்சியை மறைக்காதிருத்தல் அம்மஹல்லாக்களின் எழுதப்படாத சட்டங்களுள் ஒன்று என்று அவ்விருவரும் எழுதினர். எழுதப்படாத என்ற அடைமொழியை அவர்கள் கவனமாகவே இட்டனர். அவர்களை எடுத்தாண்டவர்கள் அடைமொழியை உதறிவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டனர்.

எழுதப்பட்ட சட்டம் என்ன கூறிற்று? அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா, உஸ்மானியரின் ஹனஃபி உரிமையியல் சட்டக்கோவை. மேற்கண்ட வீடுகளிற் பல அதற்கு முந்தியவை. எனினும் மஜல்லா புதுச்சட்டம் இயற்றவில்லை, பழைய ஃபத்வாக்களையே விதிகளாக வரிசைப்படுத்தியது. அதன் 1201ஆம் விதி ஒளியைப் பற்றியது. ஒரு வீட்டின் ஒளியை முற்றிலும் அடைத்து, எழுத்தை வாசிக்க இயலாதபடி இருளாக்குவது பெருந்தீங்கு, அதைத் தடுக்கலாம். ஆனால் காற்றோட்டத்தையோ வெயிலையோ காட்சியையோ மறைப்பது பெருந்தீங்காகாது என்று அவ்விதி தெளிவாகவே கூறுகிறது. அடுத்த விதி மறைவைப் பற்றியது. பெண்கள் புழங்குமிடமாகிய முற்றம், அடுக்களை, கிணற்றடி ஆகியவற்றைக் காணக்கூடிய சாளரம் பெருந்தீங்கு. சுவராலோ மரத்தட்டியாலோ மறைக்கும்படி ஆணையிடலாம். சாளரத்தையே அடைத்துவிடும்படி வற்புறுத்த முடியாது. 1203ஆம் விதியோ, ஆள் உயரத்துக்கு மேலுள்ள சாளரத்தை, ஏணி வைத்துப் பார்ப்பானோ என்ற ஐயத்தால் மூடச் சொல்ல முடியாது என்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் அதே கட்டில், அதே சராசரி மனிதன்!

பழ மரம் ஏறுபவனையும் அவ்விதிகள் விடவில்லை. மரத்தின்மேல் நின்றால் அண்டை வீட்டுப் பெண்களின் பகுதி தெரியுமாயின், ஏறும்போதெல்லாம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் மலைநகரத்தின் பள்ளத்தாக்குக் காட்சியைத் தெரிந்தே சட்டத்துக்கு வெளியில் நிறுத்தினர். காரணம் புரியாததன்று. மறைவு ஒருவரின் மானத்தோடு தொடர்புடையது. அதற்கு எல்லை வகுக்க முடியும். காட்சிக்கு எல்லை ஏது? அதை உரிமையாக்கினால் முதலில் கட்டியவன் சரிவு முழுவதையும் தன் சாளரத்தால் ஆள்வான். பின்னால் வரும் ஏழைக்கு ஒரு கூரையும் எழாது.

அப்படியானால் காட்சி எதனால் தங்கிற்று என்ற கேள்வி எழும். சரிவின் இயல்பே முதற்காரணம். தாழ்ந்த வீடுகள் அதில் இயல்பாகவே படிகளாக அமையும். வீடுகளுக்கிடையே தோட்டம் இருந்தது. மாடி இரண்டு மூன்றுக்குமேல் மரச்சட்டம் தாங்காது. இவற்றோடு மஹல்லாவின் வாழ்வும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வக்தும் ஒரே ஸஃப்பில் தோளொட்டி நிற்கும் அண்டை வீட்டாரின் சாளரத்தை அடைத்துக் கட்டுவது, காழி அனுமதித்தாலும் முகம் கொடுக்க முடியாத செயல். சட்டத்தின் பெயரைச் சொல்லி இந்நாகரிகத்தின் பெருமையைக் குறைப்பானேன்? கட்டாயத்தால் செய்ததைவிடக் கட்டாயமின்றிச் செய்தது பெரிது என்பது என் எண்ணம்.

எல்லா மலைநகரங்களும் இவ்வழியில் செல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அல்ஜியர்ஸின் கஸ்பா, கடலோரத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் ஏறும் சரிவு. 1516 முதல் 1830 வரை உஸ்மானியச் செல்வாக்கில் இருந்தும், அங்கே வீடு உள்நோக்கியது. வளைந்த நுழைவழி, நடுமுற்றம், அதைச் சூழ்ந்த வளைவுத் தாழ்வாரங்கள். தெருப்புறம் ஏறக்குறையக் குருட்டுச் சுவர். தோட்டத்துக்கு இடமில்லாத நெருக்கத்தில் மேல்தளங்கள் மரத்தடிகளின்மேல் தெருவுக்குள் நீண்டு, எதிர்வீட்டைத் தொடுவதுபோல் நிற்கும். காட்சியை அவ்வீடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டது. சரிவில் மாடிகள் படிகளாக இறங்குவதால் அநேகமாக ஒவ்வொன்றிலிருந்தும் கடல் தெரியும். அம்மாடிகள் பெண்களின் உலகம். பகலில் ஆண்கள் அங்கே ஏறுவது முறையன்று என்று கருதப்பட்டது. ஸஃப்ரான்போலு இடத்தால் பிரித்ததை அல்ஜியர்ஸ் நேரத்தாலும் மரபாலும் பிரித்துக்கொண்டது. இந்நகரை ஆராய்ந்த ஆந்த்ரே ராவெரோ தம் நூலின் தலைப்பிலேயே, நகரத்தைப் படைத்தது அந்நிலமே என்றார்.

1830இல் பிரெஞ்சுப் படை நுழைந்தபின் கஸ்பாவின் தாழ்ந்த பகுதி சதுக்கத்துக்கும் அகன்ற சாலைகளுக்குமாக இடிக்கப்பட்டது. எஞ்சியதை யுனெஸ்கோ 1992இல் உலக மரபுச் சின்னமாக்கியது. ஆயினும் பராமரிப்பற்ற வீடுகள் சரிவது நின்றபாடில்லை. 2019 ஏப்ரலில் ஒரு வீடு இடிந்து ஐவர் மாண்டனர். சரிவில் ஒரு வீடு விழுந்தால் அது தாங்கிக்கொண்டிருந்த மேல்வீடும் ஆட்டங்காணும் என்பதால் அங்கே அழிவு தொற்றுநோய் போன்றது.

துருக்கியில் 1926இல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தைத் தழுவிய உரிமையியல் சட்டம் வந்ததும் மஜல்லா விலகியது. அதோடு கான்கிரீட் வந்தது. மரச்சட்டம் விதித்திருந்த உயரவரம்பு மறைந்தது. மலையை நேராக வெட்டித் தாங்குசுவர் எழுப்பி ஐந்தாறு தளம் கட்டுவது எளிதாயிற்று. காட்சியைக் காத்த எழுதப்படாத ஏற்பாடு அவ்வேகத்தின் முன் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அதற்கு எழுத்தும் இல்லை. ஸஃப்ரான்போலு தப்பியதற்குப் பக்கத்து ஊரான கராபூக் காரணம். 1930களின் பிற்பகுதியில் அங்கே இரும்பாலை எழுந்தது. புதிய வீடுகளும் மக்களும் அங்கே குவிந்ததால் பழைய நகரம் சீண்டப்படாமல் நின்றது. 1970களின் நடுவில் நகராட்சியும் பல்கலைக்கழக அறிஞர்களும் பாதுகாப்புக்கு முன்வந்தனர். ஸுஹா அரின் 1976இல் எடுத்த ஆவணப்படம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்நகரம் சேர்ந்தது.

ஜிரோகாஸ்தரும் 2005இல் அப்பட்டியலை அடைந்தது. அங்கே வேறொரு சிக்கல் உண்டு. பெருங்குடும்பத்துக்காக வகுத்த வீடு தலைமுறைகள் கடந்து பல வாரிசுகளின் கூட்டுச் சொத்தாகி நிற்கிறது. சிலர் தலைநகர் திரானாவில், சிலர் கிரேக்கத்தில், சிலர் இத்தாலியில். கூரையில் வேய்ந்த கற்பலகைகள் கனமானவை. ஆண்டுதோறும் நகர்ந்தவற்றைச் சரிசெய்ய வேண்டும். யார் செலவில் செய்வது என்று வாரிசுகள் கூடி முடிவெடுப்பதற்குள் ஒரு குளிர்காலம் கழிகிறது. இடைவெளி வழியே இறங்கும் மழை தொட்டிக்குப் போகாமல் மேல்தளத்து மரத்துக்குள் போகிறது.